சம்புக்கு உயிர் வாங்க, கொளத்தூரில் ஒரு நல்ல கடை

கடல்நீர் மீன்தொட்டியின் சம்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும், தண்ணீரை வடிகட்டும் துணைத்தொட்டி) என்ன உயிர் விடலாம் என்று சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் கேட்டால், பல கடைகளில் யோசிக்காமல் ஹெர்மிட் நண்டையும் டர்போ நத்தையையும் எடுத்துப் பையில் போடுவார்கள். டர்போ பாசியை மேய்ந்து வாழ்வது. அலமாரிக்குள் இருட்டில் கிடக்கும் சம்பில் அதற்குத் தீனி கிடையாது. ஹெர்மிட் நண்டுக்கு ஓடு தேவைப்பட்டால், இருக்கிற நத்தையைக் கொன்று அதன் ஓட்டுக்குள் குடியேறிவிடும்.

நான் வாங்கிய கடை சின்னது, வாசலில் தங்கமீன் பைகள் தொங்கும். உப்புநீர்ப் பகுதி பின்கட்டில் இருக்கிறது. கடைக்காரர் எதையும் காட்டுவதற்கு முன்பே, “சம்புல எத்தனை அறை சார்? லைட் எந்த அறைக்கு? மேல என்ன மீன் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். மாண்டரின் என்றேன். “அப்போ கீழ வேட்டையாடுற எதுவும் வேணாம்” என்றார்.

காரணம் சரிதான். மாண்டரின், காப்பிபாட் என்னும் புள்ளியளவு ஓட்டுயிரிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். தொட்டியில் எவ்வளவு இருந்தாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மீன் எட்டாத சம்பில் அவை பெருகி, தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்ச் சேர்ந்தால்தான் அதற்குச் சாப்பாடு. தொட்டியில் களைபோலப் பரவும் கடல் அனிமோனான ஏப்டேசியாவைத் தின்னட்டும் என்று பெப்பர்மின்ட் இறால் கேட்டேன். கையில் இருந்தும் தரவில்லை. “கீழ விட்டா காப்பிபாட்களையும் சேர்த்துத் தின்னுடும். ஏப்டேசியா மேல வந்தா அப்போ வாங்கிக்குங்க” என்றார். விற்கிற பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் சம்பில் வளர்க்கும் நூல்போன்ற கீட்டோ பாசியில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் உதறினார். குட்டி இறால் போன்ற ஆம்ஃபிபாட்கள் பொலபொலவென்று விழுந்து, ஒருக்களித்துப் படுத்தபடியே ஓரத்துக்கு ஓடின. நசாரியஸ் நத்தைக்கும் ஒரு சோதனை வைத்தார். மணல் தொட்டியில் ஒரு துண்டு இறால் போட்டதும் மணலைப் பிளந்துகொண்டு குட்டித் தும்பிக்கைகள் நீண்டன. எழுந்து வந்தவற்றை மட்டும்தான் பிடித்துக் கொடுத்தார். கூடவே மணல் கிளற செரித் நத்தை, கல் இடுக்கில் ஒளிந்து கழிவு தின்னும் குட்டி பிரிட்டில் ஸ்டார் (மெல்லிய நீண்ட கைகள் கொண்ட, நட்சத்திர மீன் போன்ற உயிர்). பிரிசில் புழு இருந்தால் பிடுங்கிப் போட வேண்டாம், அதுவும் துப்புரவு வேலைதான் செய்கிறது என்றார். எனக்கும் அதே கருத்துதான். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முள் ஏறும்.

பக்கத்தில் நின்றவர் கடல் அட்டை கேட்டார். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு இங்கே தனி நீரோட்டம் வைத்திருக்கிறார்கள். இதைக் கட்டாயம் கவனியுங்கள். மீன் தொட்டியோடு ஒரே தண்ணீர் ஓடும் கடையில் மீனுக்குத் தாமிர மருந்து போட்டிருந்தால் நத்தையும் இறாலும் பிழைக்காது. உப்படர்த்தியை மானியில் நானே பார்த்தேன், 1.025.

குறை என்றால் பேக்கிங். மெல்லிய பை, அதிலும் தண்ணீர் குறைவு. சென்னை வெயிலில் தாம்பரம் வரை கொண்டுபோக இது போதாது. கேட்ட பிறகுதான் தெர்மாகோல் பெட்டி வந்தது. விலையும் பக்கத்துக் கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். வீட்டில் சொட்டுக் குழாய் வைத்து ஒரு மணி நேரம் மெதுவாகத் தண்ணீர் பழக்கித்தான் விட்டேன்.

இப்போது ராத்திரி டார்ச் அடித்தால் சம்பின் தடுப்புக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் நகர்கின்றன. ஒட்டிப்போயிருந்த மாண்டரினின் வயிறு உருண்டு வந்திருக்கிறது. நீங்கள் போவதானால் வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரால் இப்படி நின்று பேச முடியாது. தெர்மாகோல் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.