மஹிந்திரா தார் வண்டில அலுமினிய ஷீட்டு, மூணு வருஷத்துக்கு அப்புறம்

சைடுல போட்டிருக்கியே அந்த ஷீட்டு, எனக்கும் அதே மாதிரி வேணும் மச்சான், எங்க பண்ணன்னு நண்பன் கேட்டான். போன வாரம்தான் டிங்கரிங் முடிச்சு வண்டிய வெளிய எடுத்தேன், இன்னும் வயிறு எரியுது, அதனால அவனுக்கு சொல்ல வேண்டியத இங்கயே சொல்லிடறேன்.

வண்டி 2021 தார். கதவுக்கு கீழ ரெண்டு பக்கமும், பின்னாடி ரெண்டு மூலையிலயும் 3 எம்எம் அலுமினியம் செக்கர் ஷீட்டு, அதாவது மேல புடைப்பு டிசைன் வச்ச தகடு. மண்ணடில ஷீட்டு வாங்கி, அட்டைல அளவு வெட்டி வச்சு பாத்து, நம்ம ஏரியா பட்டறைலயே வளைச்சு ஓட்டை போட்டு மாட்டினோம். இரும்பு வேணாம்னது வெயிட்டுக்காக, ஒரு சதுர மீட்டர் 3 எம்எம் இரும்பு 23 கிலோவ தாண்டும், அலுமினியம் 8 கிலோதான். பம்பருக்கு முன்னாடி புல் பார்னு சொல்ற கம்பி எதுவும் போடல, 2017 டிசம்பர்லயே அத தடுக்க சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

நல்லத முதல்ல சொல்லணும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் போற டிரெய்லர் ஒண்ணு ஒதுக்கினதுல நான் சென்டர் மீடியன்ல போய் தேச்சேன், கர்ர்ருன்னு சத்தம், உயிரே போச்சு. இறங்கி பாத்தா ஷீட்டுல ஒரு சாண் நீளத்துக்கு கோடு, உள்ள பாடில ஒரு நசுங்கல் கிடையாது. பழவேற்காடு பக்கம் முள்ளுக்குள்ள எத்தனையோ வாட்டி போயிருக்கேன், பெயிண்ட்ல கீறலே இல்ல. ஆனா கல்லு மேல வண்டி உக்காந்தா இது தாங்காது, ஜாக்கியும் வைக்க கூடாது, அதுக்கெல்லாம் கதவுக்கு கீழ சேஸிஸ்லயே புடிக்கற கனமான இரும்பு குழாய், அந்த ராக் ஸ்லைடர்தான் வேணும்.

இப்ப உப்பு கதைக்கு வரேன். நம்ம பக்கம் காத்துலயே உப்பு கீது, எல்லாருக்கும் தெரியும். ஷீட்டுக்கும் பாடிக்கும் நடுவுல அந்த ஈரம் போச்சுன்னா வெளிய வர வழியே இல்ல, கூட மணலும் போய் உக்காந்துக்குது, வண்டி குலுங்க குலுங்க அந்த மணல் உப்புத்தாள் மாதிரி பெயிண்ட்ட தேய்க்குது. மிக்ஜாம் புயல் தண்ணில வண்டி ரெண்டு நாள் நின்னுச்சு, அப்பவே கழட்டி கழுவி இருக்கணும், நான் வெளிய மட்டும் பளபளன்னு தொடச்சுட்டு விட்டுட்டேன். இப்ப கழட்டினா ஸ்டெயின்லெஸ் போல்ட்ட சுத்தி அலுமினியம் வெள்ளை வெள்ளையா பொடியா பூத்து கெடக்கு, பாடில போட்ட ஓட்டை ஒவ்வொண்ணையும் சுத்தி துரு, ஒரு எடத்துல விரல் வச்சு அழுத்தினா உள்ள போகுது. மூணு வருஷமா காப்பாத்துதுன்னு நம்பின எடம் அது. ரெண்டு வேற வேற உலோகம் உப்புத்தண்ணில ஒண்ணா இருந்தா அலுமினியம்தான் முதல்ல அரிக்கும், அது அறிவியல், திட்ட முடியாது. ஆனா ஓட்டை போட்டதும் அந்த பச்சை இரும்பு ஓரத்துல ஒரு கோட் ப்ரைமர் அடிக்காம போல்ட்ட முடுக்கினாங்களே, அதத்தான் என்னால மன்னிக்க முடியல, அஞ்சு நிமிஷ வேலை அது!

இந்த வாட்டி பக்கத்துலயே நின்னு பண்ண வச்சேன். அழுகினத வெட்டி புது தகடு பத்த வச்சு, ஓட்டை ஓரம் எல்லாம் ஜிங்க் ப்ரைமர், போல்ட்டு அலுமினியத்த தொடாம இருக்க நைலான் புஷ்ஷும் வாஷரும், ஷீட்டு பாடிய தொடாம நடுவுல ரப்பர், முக்கியமா கீழ் ஓரத்துல தண்ணி வடிய கேப். உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே. போல்ட்டயும் குறைச்சுட்டோம், கழட்ட கால் மணி நேரம்தான் ஆகும்.

டேய், உன் வண்டி ராத்திரி முழுக்க காசிமேட்ல கடலுக்கு எதிர்லயே நிக்குது, நீ போடாத. கோடு விழுந்தா பெயிண்ட் அடிச்சுக்கலாம், உள்ள அழுகினா வெட்டித்தான் எடுக்கணும். என்னுது திருப்பி மாட்டியாச்சு, அந்த டிரெய்லர் சத்தம் இன்னும் காதுல கீது, வெறும் பாடியோட அந்த ரோட்ல போக மனசு வரல. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கழட்டி கழுவறேன், வேணும்னா வா, உள்ள எப்படி இருக்குன்னு நீயே பாரு.