ஃபோர்டு ஃபிகோ டீசல் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: டைமிங் பெல்ட் பேரச் சொல்லி 26,500 ரூவா போயிட்டு

நெல்லை, தென்காசி, வள்ளியூர் பக்கம் பழைய ஃபோர்டு வண்டி வச்சிருக்க எல்லாரும் தயவுசெஞ்சு முழுசா படிங்க. வயிறு எரிஞ்சு எழுதுதேன். 26,500 ரூவா வாங்கிட்டு என் குடும்பத்தையே நாலு வழிச் சாலைல நடுவுல நிறுத்திட்டானுவ. கடைசில என்னென்ன பாக்கணும்னு விவரமா சொல்லுதேன், அதுக்கு முன்னாடி நடந்தத சொல்லிடுதேன்.

என் வண்டி 2012 ஃபிகோ டீசல், அந்த 1.4 லிட்டர் இஞ்சின். வண்டியப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டைல இருந்து நாகர்கோவில், மதுரைன்னு எத்தனை ஓட்டம் ஓடியிருக்கு, வழில ஒரு நாள் கூட படுத்தது கெடையாது. ஆனா டைமிங் பெல்ட்டுங்கறது இஞ்சினுக்குள்ள வால்வையும் பிஸ்டனையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து ஓட வைக்குற ரப்பர் பட்டை, வயசானா மாத்தித்தான் ஆகணும், அது எந்த வண்டியா இருந்தாலும் அப்படித்தான். இந்த இஞ்சின்ல பெல்ட் அத்துச்சுன்னா வால்வு போயி பிஸ்டன்ல அடிக்கும், இஞ்சினோட மேல்பாகம், அந்த ஹெட்டே போயிரும். அதனாலதான் ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாடியே மாத்திருவோம்னு தேடிப் போனேன்.

போன எடம் எல்லா கம்பெனி காரும் பாக்குற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். டவுன் பக்கம், இதுக்கு மேல அடையாளம் இங்க சொல்ல முடியாது. ஏசி ரூமு, உக்கார சோபா, காபி எல்லாம் உண்டு. அங்க இருந்த சூப்பர்வைசர் தம்பி எவ்வளவு மரியாதையா பேசினான் தெரியுமா. "அண்ணாச்சி, உங்க வண்டி கம்பெனியே நாட்ட விட்டுப் போயிட்டு, இனிமே இந்தச் சாமான் லேசுல கெடைக்காது, மெட்ராஸ்ல நமக்குத் தெரிஞ்ச எடத்துல கடைசி கிட்டு (மாத்த வேண்டிய சாமான் எல்லாம் சேந்த செட்டு) ஒண்ணு கெடக்கு, நான் சொல்லி வச்சாத்தான் தருவான்" அப்படின்னான். பெல்ட்டு, அத இறுக்கிப் புடிக்குற டென்ஷனர், அது ஓடுற உருளை ஐட்லர், இஞ்சின் சூட்டத் தணிக்க கூலண்ட் தண்ணிய ஓட்டுற வாட்டர் பம்ப் நாலையும் ஒண்ணா மாத்தணும்னு அவனாவே சொன்னான். அது சரியான பேச்சு, ஏன்னா இந்த இஞ்சின்ல வாட்டர் பம்ப்ப சுத்துறதும் அதே டைமிங் பெல்ட்தான், பம்ப் மக்கர் பண்ணா புது பெல்ட்டும் சேந்து போயிரும். விஷயம் தெரிஞ்ச பயன்னு நான் நம்பினதே அந்தப் பேச்சுலதான்.

சாமான் வந்ததும் கூப்பிட்டான். மேஜைல பெட்டிய வச்சு என் கண்ணு முன்னால பிரிச்சான். ஃபோர்டு பேரு போட்ட பெட்டி, உள்ள கவர்ல பம்ப் பளபளன்னு இருக்கு. "தொட்டுப் பாருங்கண்ணாச்சி, ஒரிஜினல்"னு என் கையில குடுத்தான். தொட்டும் பாத்தேன். அங்கயே 26,500 ரூவா ஜிபேல போட்டேன். பில்லு கேட்டா "சர்வர் டவுன் அண்ணாச்சி, வாட்ஸப்ல வந்துரும்" அப்படின்னான். சாயங்காலம் வண்டி எடுக்கும்போது கழட்டுன பழைய சாமான் எங்கன்னு கேட்டேன், "ஆக்கர்காரன் மத்தியானமே அள்ளிட்டுப் போயிட்டான்" அப்படின்னான்.

ரெண்டு மாசம் கூட ஆகல. எங்கம்மாவ நாகர்கோவில்ல கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம், பின்னால வீட்ல அவுகளும் பிள்ளையும். நாங்குநேரி தாண்டி நல்ல வேகத்துல போயிட்டு இருக்கும்போது முன்னால இருந்து கடகடன்னு ஒரு சத்தம், அந்தானைக்கு இஞ்சின் ஆஃப். ஸ்டியரிங் கல்லா இறுகிட்டு, பிரேக் ரெண்டு மிதிக்கு மேல எறங்கல, பின்னால லாரி ஹாரன் அடிச்சுட்டே வாரான். எப்படியோ ஓரத்துல கொண்டு போயி நிறுத்துனேன். எங்கம்மா கை நடுங்குனது அடங்கவே ரொம்ப நேரம் ஆச்சு. அந்த லாரிக்காரன் கொஞ்சம் அசந்திருந்தா இந்தப் பதிவு எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ரெக்கவரி வண்டில தூக்கிட்டு வந்து, பாளையங்கோட்டைல எங்க மச்சான் சொன்ன வயசான மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட விட்டேன். அவரு பெல்ட்ட மூடியிருக்க கவர கழட்டுனதும் ஒண்ணும் பேசல, என்ன கிட்ட கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினாரு. பெல்ட்டுல ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்ல, மொட்டையா வழிச்சு எடுத்திருக்கு. வாட்டர் பம்ப் தண்ட ரெண்டு வெரலால புடிச்சு ஆட்டுனாரு, இப்படியும் அப்படியும் ஆடுது. பம்ப்புக்குக் கீழ கூலண்ட் கசிஞ்சு கசிஞ்சு காஞ்ச வெள்ளைப் பொருக்கு, வருஷக் கணக்குல படிஞ்சது. டென்ஷனர் போல்ட்டுல பழைய துரு, ஸ்பேனர் பட்ட தடமே கெடையாது. மாத்துனது பெல்ட்டு மட்டுந்தான், அதுவும் பேரு ஊரு இல்லாத டூப்ளிகேட். அப்போ என் கையில குடுத்துத் தொடச் சொன்ன பம்ப் எங்க? திரும்ப பெட்டில போட்டு ராக்குல வச்சிருப்பான், அடுத்து வாரவருக்கும் அதையே காட்டுவான். ஹெட்ட எறக்குனா வால்வு வளைஞ்சிருக்கு, வால்வ அமுக்குற ராக்கர் ஒடஞ்சு கெடக்கு. அந்தச் செலவு தனி, அது இன்னும் முடியல.

நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். காபி குடுத்த அதே எடத்துல "ஓனர் திருச்செந்தூர் போயிருக்காவ, நாளைக்கு வாங்க" அப்படின்னாவ. மறுநா போனா "சூப்பர்வைசர் லீவு". அப்புறம் ஃபோன்ல புடிச்சா "பெல்ட் அத்தா பெல்ட் செஞ்சவன்ட்ட கேளுங்க". வாட்டர் பம்ப் போட்டோவ அனுப்புனேன், ரெண்டு நீல டிக்கு, பதில் இல்ல. 26,500 ரூவாய்க்கு பில்லு கேட்டா "பில்லு வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா கட்டுங்க" அப்படிங்கான். கடைசில ஓனரே சொன்னாரு பாருங்க, "கம்பெனியே கைய விட்டுட்டுப் போன வண்டிக்கு நாங்க எப்படி சார் கேரண்டி தர முடியும்?" அன்னைக்கு வரைக்கும் அண்ணாச்சி, அன்னைல இருந்து சார். இப்போ என் நம்பர பிளாக் பண்ணிட்டாவ.

இந்த "கம்பெனி போயிட்டு, சாமான் கெடைக்காது"ங்கற பேச்சுதான் இவனுவளுக்கு மூலதனமே. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க வண்டி செய்யறத நிறுத்துதோம்னு சொன்னப்பவே, இருக்க வண்டிகளுக்கு சர்வீஸும் சாமானும் தொடர்ந்து உண்டுன்னும் சொல்லிட்டு. அது போக இதே 1.4 டீசல் இஞ்சின்தான் பழைய ஃபியஸ்டாவுலயும் இருக்கு, பெல்ட் கம்பெனிகளே தனியா கிட்டு போட்டு விக்குதாவ. நம்ம மெக்கானிக் அண்ணாச்சி மதுரைக்கு ஒரு ஃபோன் போட்டாரு, மறுநா காலைல பஸ்ஸுல பார்சல் வந்துட்டு. கடைசி கிட்டாம், கடைசி கிட்டு! இதே பேச்ச செவர்லே பீட், டவேரா வச்சிருக்கவங்ககிட்டயும் பேசுதானுவ. அந்த வண்டி 2017ஓட விக்கறது நின்னுட்டு. டட்சன் 2022ல நின்னுட்டு, அவுகளுக்கும் இதே பயத்தத்தான் காட்டுதானுவ.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்துட்டேன், ஜிபே ரசீது, போட்டோ, மெக்கானிக் எழுதிக் குடுத்தது எல்லாம் வச்சிருக்கேன். அதுல முடியலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போடப் போறேன். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், வக்கீல் இல்லாம நம்மளே வாதாடலாம். 26,500 ரூவாய விட மாட்டேன்.

விவரமா எழுதணும்னுதான் இருந்தேன், லேத்துல இருந்து ஹெட்டு விஷயமா கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ, அதனால சுருக்கமா. வேலை முடியுற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, உள்ள விட மாட்டோம்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. கழட்டுன சாமான் கைக்கு வந்தாத்தான் காசு. பெட்டில எம்ஆர்பி, மாசம் வருஷம், கஸ்டமர் கேர் நம்பர் இருக்கான்னு பாத்து போட்டோ எடுங்க. சேஸிஸ் நம்பர வச்சு நீங்களே ஃபோர்டு கஸ்டமர் கேர்ல கேளுங்க. பெல்ட் மாத்தியும் கூலண்ட் அளவு கொறஞ்சுக்கிட்டே வந்தா வண்டிய எடுக்காதீங்க. அதே டவுன் பக்கம் ஏசி ரூமு ஒர்க்‌ஷாப்ல சமீபத்துல பெல்ட் மாத்துனவங்க யாராச்சும் இருந்தா இன்னைக்கே வேற எடத்துல கவர கழட்டிப் பாத்துருங்க, குடும்பத்த ஏத்திட்டு நாலு வழிச் சாலைக்குப் போகாதீங்க.