பழைய மோட்டார்ஹோம் ஆயில் சீல்: நெம்புவதா, ஸ்க்ரூ போட்டு இழுப்பதா?

என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்தான் ஆயில் சீல். அதை வாங்கும் முன் என்ஜினின் பிரீதர் குழாயை, அதாவது உள் அழுத்தத்தை வெளியேற்றும் குழாயை, ஒருமுறை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க் கேஸுக்குள் (ஷாஃப்ட் இருக்கும் கூட்டுக்குள்) அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். பிரீதர் சரியாக இருந்தும் சொட்டினால்தான் சீல் வேலை.

முன்பக்க சீல், ஷாஃப்ட் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றினாலே கண்ணில் படும். புல்லர் கருவி இல்லாமல் அதை எடுக்க இரண்டு வழி. தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது சீக்கிரம் முடியும். ஆனால் முனை வழுக்கி ஷாஃப்ட்டில் பட்டால் தொலைந்தது. சீலின் உதடு, அதாவது உள் விளிம்பு, உரசும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் விழுந்தாலே மறுபடியும் கசியும்.

நான் ஸ்க்ரூ பக்கம்தான். சீலின் முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளை போட்டு, ஸ்க்ரூவைச் சில சுற்று மட்டும் ஏற்றி, பிளையரால் மாறி மாறி இழுத்தால் நேராக வந்துவிடும். துளை ஆழமாகப் போகாமலிருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றுங்கள். முனையில் கிரீஸ் தடவினால் உலோகத்தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளும். டிரில் நுழைய இடமே இல்லை என்றால் மட்டும் நெம்பலாம்.

புது சீலை மாட்டுவதற்கு மூன்று கருவிகள் போட்டி. மரக்கட்டை, ஷாஃப்ட் வெளியே நீட்டாத இடத்தில் மட்டும் உதவும். பழைய சீலையே மேலே வைத்துத் தட்டலாம். ஆனால் குழிக்குள் அது சிக்கிக்கொள்ளும், முன்கூட்டியே ஒரு பக்கம் அறுத்துவிட வேண்டும். சீலின் வெளி விளிம்புக்குப் பொருந்தும், முனை நேராக அறுத்த பிவிசி பைப்தான் எனக்கு முதலிடம். ஷாஃப்ட் அதன் நடுவே புகுந்துகொள்ளும். சுத்தியல்கூட வேண்டாம்: பைப்பின் மேல் தடித்த வாஷர் வைத்து, புல்லி போல்ட்டை மெல்ல முடுக்கினால் சீல் கோணாமல் உள்ளே போகும். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்கட்டும், ரப்பர் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். டெஃப்லான் சீல் என்றால் ஒரு சொட்டும் கூடாது, உலர்வாகத்தான் மாட்ட வேண்டும்.

ஷாஃப்ட்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் இருந்தால்? சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் உரசும், செலவில்லை. ஆனால் ஆயில் திரும்பும் துளையை மறைத்துவிடக் கூடாது. அதற்கு இடமில்லை என்றால் ஷாஃப்ட்டின் மேல் மாட்டும், கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோக உறையான ஸ்லீவ்தான் வழி. அது இவ்வளவு மெல்லியது என்பதால் அதே அளவு சீலே போதும்.

பின்பக்க சீல் வேலை வண்டிக்கு வண்டி மாறும். ஃபோக்ஸ்வாகன் டைப் 2-இல் என்ஜினையே பின்னால் இறக்கிவிடலாம், ஆனால் சீலை மறைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் ஒற்றை நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும் என்ஜின்களில் அந்த நட்டுக்கு 343 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நீளமான பைப்பை ஸ்பேனரின் கைப்பிடியில் சொருகினால் நட் கழன்றுவிடும். திரும்ப மாட்டும்போது அந்த முறுக்கை அளக்காமல் விடாதீர்கள். ஜிஎம்சி மோட்டார்ஹோமின் 455 ஓல்ட்ஸ்மொபைல் என்ஜினில் பின் சீல் ரப்பர் வளையம் அல்ல, ஷாஃப்ட்டைச் சுற்றி மேல், கீழ் என இரு பாதியாக உட்காரும் கயிறு. மேல் பாதியை முழுதாக மாற்றக் கிராங்கைத் தளர்த்த வேண்டும். இன்னொரு வழி, பழைய கயிற்றின் இரு முனைகளையும் உள்ளே இடித்து இறுக்கி, குறைந்த நீளத்துக்குப் புதுக் கயிற்றுத் துண்டுகளை வைத்து அடைப்பது. இதில் வேலை பாதியாகக் குறையும். கயிறு காய்ந்து உதிராமல் இருந்தால் இதை முதலில் செய்து பார்க்கலாம்.