மலை வீட்டு மொட்டை மாடிக் கசிவு: மூன்று வகைப் பூச்சு, பல மழைக்காலம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துக் கான்கிரீட் தளங்களில் மூன்று வகைக் கசிவுத் தடுப்பும் எப்படி உழைக்கின்றன என்று பல மழைக்காலம் பார்த்ததில் தெரிந்தவை இவை. சமவெளியில் நன்றாக நிற்கும் பூச்சு இங்கே சீக்கிரம் கைவிடக் காரணம், மழையின் அளவைவிடத் தளம் காயவே நேரம் கிடைக்காததுதான்.

டப்பா வாங்கும் முன் ஒரு சோதனை. சீலிங்கில் ஈரம் தெரியும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குள்ளே நீர் கோத்தால் தளத்தில் ஈரம் இருக்கிறது. அறைப்பக்கம் மட்டும் வியர்த்தால் அது கசிவே அல்ல. ராத்திரி குளிர்ந்த தளத்தில் சமையல் ஆவியும் வெந்நீர் ஆவியும் படிவது. மழையே இல்லாத உறைபனி மாதங்களில் கரும்பூஞ்சை பிடித்தால் பெரும்பாலும் இதுதான். மேலே எத்தனை கோட் அடித்தாலும் போகாது; எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

வெள்ளை அக்ரிலிக் கோட்டிங்: ரோலரால் ஒரே நாளில் முடியும், அதனால்தான் எல்லோரும் இதற்குப் போகிறார்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் இது ஊறி மெத்தென்றாகும். உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் தள்ளும், பிறகு தோல் தோலாக உரியும். சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் போன்ற தண்ணீர் நிற்காத இடங்களுக்குச் சரி. தட்டையான தளத்துக்கு வேண்டாம்.

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு: வெயில் ஊருக்கு அருமை. இங்கே ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் ஜல்லி பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துவைக்கும். ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை வேறெங்கோ. 3 அங்குலத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிலோ சுமை வேறு.

பவுடரும் லிக்விடும் கலக்கும் சிமென்ட்-பாலிமர் கோட்டிங்தான் நிலைக்கிறது. ஈரமான தளத்திலும் ஒட்டும், தேங்கிய நீர் மட்டும் இருக்கக்கூடாது. ஆனால் முறை தப்பினால் இதுவும் வீண். முதலில் பாசியைக் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசலை V வடிவில் கொத்தி பாலிமர் கலவையால் அடையுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் கலவையைச் சாய்வாகப் பூசி, அதன்மேல் ஃபைபர் வலையை முதல் கோட்டிலேயே பதியுங்கள். கசிவு முக்கால்வாசி இந்த மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான். இரண்டாம் கோட் முதலாவதுக்குக் குறுக்குத் திசையில். இரண்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. கலந்ததை அரை மணிக்குள் தீர்க்க வேண்டும். இறுகினால் தண்ணீர் விட்டு இளக்குவது சுத்தத் தப்பு. பிப்ரவரி, மார்ச்சில், பனி உலர்ந்த பிறகு தொடங்கி, மூடுபனி இறங்குவதற்குள் நிறுத்துங்கள்.

கோட்டிங் காய்ந்ததும் 2 அங்குல நீர் கட்டி 48 மணி நேரம் பாருங்கள். பிறகு அதன்மேல் 1:4 சிமென்ட்-மணல் கலவையில் பாதுகாப்புத் தளம், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு. வாட்டம் இல்லாத தளத்தில் எந்தப் பூச்சுக்கும் பணம் போடாதீர்கள். குழாய் வாயில் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை அடைக்கும். வலைக்கூடு வைத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வழியுங்கள்.

அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் மேலே சும்மா பூசி மறைக்கக் கூடாது. கம்பிக்குப் பின்புறம் முக்கால் அங்குலம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, எஸ்பிஆர் (ஒட்டுத்திறன் கூட்டும் செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமென்ட் பால் தடவி, அதன் ஈரம் போகும் முன் 1:3 பாலிமர் கலவையை அரை அரை அங்குலமாக ஏற்றுங்கள். கம்பி கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மேலே தகரக் கூரை போடும் பழக்கம் இங்கே நல்ல பழக்கம்தான். கால்களைத் தளத்தில் துளையிட்டு நிறுத்தாமல் தூண் நிற்கும் இடத்துக் கைப்பிடிச் சுவரில் தாங்கலாக்குங்கள். ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு. காற்றோட்டத்துக்கு 2 அடி இடைவெளி விடுங்கள்.

அடுத்த மாடிக்கென்று நீட்டி விட்ட தூண் கம்பிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூடுபனியில் அவை துருப்பிடித்து, கம்பி வழியே நீர் தூணுக்குள் இறங்கும். சிமென்ட் பால் தடவி, 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில் முழுக்க மூடிவிட்டால், மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம்.