ஆறாவது வரியோடு நான்கு வருடம்

2019இல் உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்த கையோடு பல்கலைக்கழக அனுமதிக்கு விருப்பத்தெரிவுப் பட்டியல் நிரப்பினேன். முதல் ஐந்து வரிக்கு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆறாவதுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு கொமியூனிகேஷன் கடை, பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைக்கார அண்ணன், "இன்னொண்டு போட்டு வை புள்ள, சும்மா கிடக்கட்டும்" என்றார். போட்டேன். கிடைத்தது அந்த ஆறாவதுதான்: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், கணினி விஞ்ஞானம். இப்போது படிப்பு முடிகிற நேரம். நான்கு வருடம் அந்த வரிக்குள் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பாடநெறியைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. என் பட்டியல் பிழை. எனக்கு ரியூசன் சேர் ஒருவர் சொன்ன வழி, வெட்டுப்புள்ளி (கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி) கூடியதை மேலே போட்டு, இறங்கு வரிசையில் எழுதுவது. அப்படித்தான் எழுதினேன். கணினி தவிர வேறெதையும் நினைத்துப் பார்க்காத நான், பொறியியல் இரண்டைத் தலையில் வைத்தேன், வெட்டுப்புள்ளி உயரம் என்பதற்காக. அனுமதி கொடுக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பட்டியலை மேலிருந்து வாசிக்கும். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற உங்கள் இசட் புள்ளிக்கு எட்டுகிற முதல் வரியைத் தந்துவிடும், அதற்குக் கீழே நீங்கள் ஆசைப்பட்டு எழுதியதெல்லாம் போய்விடும். எனக்கு இன்னும் கொஞ்சம் புள்ளி கூட வந்திருந்தால் இன்றைக்கு எங்கேயாவது கொங்கிரீட் சோதித்துக்கொண்டு நின்றிருப்பேன். புள்ளி குறைந்ததால் தப்பினேன், சிரிப்புத்தான்.

'கணினி' என்று நாம் பொதுவாகச் சொல்வது ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் பல பெயரில் கிடக்கிறது. கணினி விஞ்ஞானம், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் எல்லாம் தனித்தனிப் பாடநெறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கமும் பின்னால் ஓர் ஆங்கில எழுத்துமாக ஒரு கோட் (குறியீடு), அந்த எழுத்துத்தான் பல்கலைக்கழகம். மொறட்டுவையில் கணினிப் பொறியியல் வேண்டுமென்றால் முதலில் பொறியியலுக்குள் போக வேண்டும், பிறகு உள்ளே எடுக்கிற புள்ளியை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள். அந்தத் துறைக்கு அடிபிடி. பௌதிக விஞ்ஞானத்துக்குள் போய்க் கணினியை ஒரு பாடமாக எடுக்கிற வழியும் உண்டு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பியின் முறை வந்தபோது ரியூசன் சேரைக் கேட்கவில்லை, ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தோம். முதலில் அவனுக்குப் பிடித்த ஒழுங்கில் மட்டும் பாடநெறிகளை எழுதச் சொன்னேன், வெட்டுப்புள்ளியைப் பார்க்க விடவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று வருட மட்டக்களப்பு வெட்டுப்புள்ளி. நான்கு தசமதானம் வரை வரும், அப்படியே எழுதினோம். அவனுடைய புள்ளியிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்தோம். மூன்று வருடமும் கழித்தல் வந்தது 'எட்டாக்கொப்பு'. கூட்டலும் கழித்தலும் கலந்து வந்தது 'கைக்கெட்டுறது'. மூன்று வருடமும் நல்ல கூட்டல் வந்தால் மட்டும் 'காலடி'. பெயர் வைத்தது அவன். 0.05 அளவு கூட்டலைக் காலடி என்று நம்பக்கூடாது. ஒரு வருடம் வெட்டுப்புள்ளி கொஞ்சம் ஏறினால் அது காணாமல் போய்விடும். சில கட்டத்துக்குள் புள்ளிக்குப் பதில் என்.கியூ.சி. என்று இருக்கும். அந்த மாவட்டத்தில் தகுதியான ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள். இடம் சும்மா கிடக்கிறது என்று தம்பி துள்ளினான், பிடித்து உட்கார வைத்தேன்.

இன்னொரு விஷயம் நம்ம எல்லைப் பக்கத்துக்காரருக்கு. மாமியின் மகன் வீடு துறைநீலாவணையில், மட்டக்களப்பு மாவட்டம். படித்தது கல்முனையில், அது அம்பாறை மாவட்டம். மாவட்ட ஒதுக்கீட்டுக்கு வீடு கணக்கில்லை, படித்த பள்ளிக்கூடம்தான் கணக்கு. அவன் மட்டக்களப்பு நிரலைப் பார்த்து ஒரு கிழமை சந்தோசப்பட்டுவிட்டு, பிறகு அம்பாறை நிரலில் எல்லாவற்றையும் திரும்பக் கழித்தான். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். நமது இரண்டு மாவட்டமும் அந்த 5 வீதத்துக்குள் வருகின்றன. ஆனாலும் நிரல் வேறு, புள்ளி வேறு.

  

இனி அந்த ஆறாவது வரி. அங்கே போய்த்தான் தெரிந்தது நான் கேட்காமல் விட்டவை எத்தனை என்று. வாகரை, வெருகல், மூதூர் என்று போகிற பஸ்ஸில் ஒவ்வொரு விடுமுறைக்கும் அரை நாள் போகும். விரிவுரை ஆங்கிலத்தில். முதல் செமஸ்டரில் புரோகிராமிங்கை விட ஆங்கிலத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன். மற்றப் பக்கம், பட்ச் சிறியது, லாப்பில் கைதூக்கினால் ஆள் வந்து பக்கத்தில் நிற்பார். நிலாவெளி பக்கத்துக் காற்றுக்கு ஒரு கணக்குத் தனியே எழுதலாம். பயிற்சிக்காலம் வந்தபோது பெரும்பாலும் கொழும்புக் கம்பனிகளுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இரவு ரயிலில் நேர்முகத்துக்குப் போய், கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு போன கதை எங்கள் பட்சில் பாதிப் பேரிடம் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரை விட கிட்ஹப்பில் (எழுதிய புரோகிராமை எல்லாரும் பார்க்கப் போட்டுவைக்கிற இணையத்தளம்) என்ன போட்டிருக்கிறாய் என்றுதான் என்னைக் கேட்டார்கள். எல்லாரையும் அப்படிக் கேட்பார்களா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பட்டியலுக்கு வெளியேயும் ஒரு காலடி வேண்டும். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்.என்.டி. ஐ.டி., அதாவது தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டமான பி.ஐ.டி.யை வீட்டிலிருந்தே படிக்கலாம், என் தோழி ஒருத்தி அப்படித்தான் படிக்கிறாள். தனியார் நிறுவனம் என்றால் முதலில் அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டத்தைப் பார்க்க வேண்டும், காணியை அடகு வைப்பதெல்லாம் பிறகு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு ராத்திரி வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனா.

தம்பி கடைசி வரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பௌதிக விஞ்ஞானம் எழுதினான். எழுத முன்னம் மோட்டார் சைக்கிளில் அந்தப் பீடம் இருக்கிற சம்மாந்துறைக்குப் போய், வாசலில் நின்ற ஒரு சீனியர் அண்ணனிடம் கணினியைச் சிறப்புப் பாடமாக எத்தனை பேருக்குத் தருவார்கள், எதை வைத்துத் தெரிவார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தான். வந்து கொப்பியில் அந்த வரிக்கு நேரே 'சரி, போகலாம்' என்று எழுதினான். மற்ற எந்த வரிக்கும் அவன் அப்படி எழுதவில்லை.