"சிஎன்சிக்கு ரெடி" மினி பிசி: 14,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை

பழைய 6040 ரூட்டர் மெஷின் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின்) வைத்திருப்பவர்கள், அதிலும் பின்பக்கம் 25 பின் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர்கள் மாட்டும் அகலமான சாக்கெட்) உள்ள கன்ட்ரோல் பெட்டியோடு வாங்கியவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மரத்தில் பெயர்ப்பலகை செதுக்குவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. நல்ல நிலையில் ஒரு 6040 செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. ஆனால் அதை ஓட்ட கம்ப்யூட்டர் இல்லை. வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் ஒருவர் "சிஎன்சிக்கு ரெடி மினி பிசி, மாக்3 ஒரிஜினல் லைசென்ஸ், மாட்டினால் ஓடும்" என்று வீடியோவோடு போட்டிருந்தார். மாக்3 என்பது இந்த மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர். விலை 16,000. ஆடித் தள்ளுபடி என்று 1,500 குறைத்தார். ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு "பெட்டிக்குள்ளேயே வரும் சார்" என்றார். பெட்டிக்குள் பில்லைத் தவிர எல்லாம் இருந்தது.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் டூல்பாத் (கத்தி போகும் பாதை) வரைந்துகொண்டே போகிறது, எக்ஸ், ஒய், இசட் எண்கள் ஓடுகின்றன, பின்னணியில் ஸ்பிண்டில் (கத்தியைச் சுழற்றும் மோட்டார்) சத்தம்கூட இருக்கிறது. ஆனால் கேமரா ஒரு முறைகூட மெஷின் பக்கம் திரும்பவில்லை. இது அப்போது என் கண்ணில் படவில்லை.

மினி பிசியில் பேரலல் போர்ட்டே கிடையாது. அதற்குப் பதிலாக யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் ஒரு கேபிள் கொடுத்திருந்தார். மாட்டினேன். மாக்3 திறந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினால் எக்ஸ் எண் 0-விலிருந்து 40, 50 என்று ஏறுகிறது. மோட்டார் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

போன் போட்டேன். "சாஃப்ட்வேர் ஓடுதுல்ல சார், அப்போ பிசில பிரச்சனை இல்ல. உங்க மெஷின்ல டிரைவர் போர்டு போயிடுச்சு. பெட்டியக் கழட்டி அனுப்புங்க, 6,500-ல முடிச்சுத் தரேன்." மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டைத்தான் சொன்னார். பேச்சில் அவ்வளவு நம்பிக்கை. பணம் போட ஆப்பைத் திறந்தே விட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த என் மனைவியின் அண்ணன்தான் காப்பாற்றினார். அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருபது வருடமாக இருப்பவர். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், கன்ட்ரோல் பெட்டி ஆனில் இருக்கும்போது எக்ஸ் மோட்டாரின் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. ஆஃப் செய்துவிட்டுத் திருப்பினார், லேசாகச் சுற்றியது. "மாப்ளே, மோட்டாருக்குக் கரண்ட் வந்து பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. இது செத்த போர்டு இல்ல. காசு அனுப்பாதீங்க."

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். பெண்ணின் பள்ளி புராஜெக்ட்டுக்கு வாங்கிய ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு வீட்டில் கிடந்தது. அதிலிருந்து ஒரு ஒயரைக் கன்ட்ரோல் பெட்டியின் 25 பின் சாக்கெட்டில் 2-ஆம் துளையிலும், கிரவுண்டை 25-ஆம் துளையிலும் செருகி, 5 வோல்ட் பல்ஸ் (விட்டுவிட்டு வரும் மின்துடிப்பு) கொடுத்தேன். வழக்கமாக இந்தப் பெட்டிகளில் 2 என்பது எக்ஸ் அச்சின் ஸ்டெப் (ஒவ்வொரு பல்ஸுக்கும் மோட்டார் கொஞ்சம் நகரும்), 3 அதன் திசை. 'விர்ர்ர்' என்று ஒரு சத்தத்தோடு கேன்ட்ரி (மெஷினின் நகரும் பாலம்) நகர்ந்தது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஒயர் துண்டு செய்த வேலையை 14,500 ரூபாய்ப் பெட்டி செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மாக்3-இன் டிரைவர் (இது போர்டு இல்லை, சாஃப்ட்வேர்) மதர்போர்டில் உள்ள உண்மையான பேரலல் போர்ட்டை, பொதுவாக 378 என்கிற முகவரியில், நேரடியாகத் தொட்டு நொடிக்கு 25,000 முறை வேகத்தில் வேலை செய்கிறது. அந்த யுஎஸ்பி கேபிளோ பிரிண்டருக்காகச் செய்தது. பக்கத்தை அனுப்பத் தெரியும், பல்ஸ் அனுப்பத் தெரியாது. போதாக்குறைக்கு அவர் போட்டுக் கொடுத்தது 64 பிட் விண்டோஸ் 10. மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் ஓடும். டிரைவர் இல்லாவிட்டாலும் மாக்3 திறக்கும், எண்களும் ஓடும், வெறும் சிமுலேஷனாக. அந்த வீடியோவில் ஓடியதும் இதுதான். இதெல்லாம் தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை. தெரியாதவர் கேமராவைக் கொஞ்சமாவது மெஷின் பக்கம் திருப்பியிருப்பார்.

'ஒரிஜினல் லைசென்ஸ்' சங்கதியும் வேடிக்கை. அபவுட் பக்கத்தைத் திறந்தால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர். லைசென்ஸ் இல்லாத டெமோ 500 வரி ஜி-கோடோடு (மெஷினுக்கான கட்டளைகள்) நின்றுவிடும் என்பதால் எவருடைய லைசென்ஸ் ஃபைலையோ தூக்கிப் போட்டிருக்கிறார். 'புது எஸ்எஸ்டி'யை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன்: 21,000 மணி நேரம் ஓடியிருந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் அணைக்காமல் ஓடிய கணக்கு.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: பல்ஸை உருவாக்குவது யார்? சிறிய 3018 மெஷின்களில் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேர் ஓடும் போர்டு இருக்கும், பல்ஸ் அதிலேயே உருவாகும். அதற்கு எந்த லேப்டாப்பும், ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் போதும், யுஎஸ்பியில் ஜி-கோடை அனுப்பினால் சரி. என்னுடையது போன்ற பேரலல் பெட்டியில் பல்ஸைக் கம்ப்யூட்டரே நேரம் தவறாமல் அடிக்க வேண்டும். அங்கே மினி பிசியும் மாற்றுக் கேபிளும் எடுபடாது. மினி பிசிதான் வேண்டுமென்றால் நடுவில் பல்ஸை உருவாக்கும் தனி மோஷன் கன்ட்ரோலர் போர்டு வேண்டும். யாராவது வீடியோ காட்டினால், விசையை அழுத்தும் விரலும் சுற்றும் மோட்டாரும் ஒரே ஃபிரேமில் வரச் சொல்லுங்கள்.

நான் கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போய், மதர்போர்டிலேயே பேரலல் போர்ட் உள்ள பழைய கோர் 2 டியோ பெட்டி ஒன்றை 3,200-க்கு எடுத்தேன். கடைக்காரர் "இத வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க" என்று சிரித்தார். மாக்3 போலவே மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி போட்டேன், அது இலவசம். அதோடு வரும் லேட்டன்சி டெஸ்டை (கம்ப்யூட்டர் நேரம் தவறும் அளவைக் காட்டுவது), பின்னால் வீடியோவும் கிராஃபிக்ஸும் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். அதிகபட்சம் 12,000 நானோ நொடிக்குப் பக்கத்தில் நின்றது. 20,000-க்குள் இருந்தால் நல்லது, 1,00,000-ஐத் தாண்டினால் பேரலல் போர்ட் வேலைக்கு ஆகாது என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது போர்ட் பின்கள் தாறுமாறாக மாறும், ஸ்பிண்டில் தானாகச் சுற்றிவிடலாம். சாஃப்ட்வேர் திறந்த பிறகே கன்ட்ரோல் பெட்டியை ஆன் செய்யுங்கள்.

பணம்? பில் இல்லை, ஜிபே ரசீதும் வாட்ஸ்ஆப் அரட்டையும் மட்டும் கையில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பதிந்த எண்ணை அவருக்கு அனுப்பிய இரண்டாம் நாள் 7,000 ரூபாய் வந்தது, கூடவே "நம்ம ஃபிரண்ட்ஷிப்புக்காக" என்று ஒரு செய்தி. மீதியைக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். மினி பிசி இப்போது பெண்ணின் ஹோம்வொர்க்குக்கு உதவுகிறது, அதற்கு நன்றாகவே ஓடுகிறது.

போன வாரம் வேறொரு குழுவில் வேறொரு பெயரில் அதே வீடியோவைப் பார்த்தேன். விலை 16,000. பொங்கல் தள்ளுபடி 1,500.