மலைச்சரிவில் ஸ்வம்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணே, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் சல்லிக்கல் அகழியை வடிவமைக்க ஸ்வம் போதுமா?" என்று கேட்டார். ஸ்வம் (SWMM) என்பது மழைநீர் எவ்வளவு ஓடும், எங்கே தேங்கும் என்று கணக்கிடும் கணினி மென்பொருள். ஒரே வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

காசு இல்லாமல் கிடைக்கிறது, பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது வேறு. ஒரு பெருமழையை மட்டும் வைத்துப் பார்த்தால் அகழி நன்றாகவே இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மழையைத் தொடர்ச்சியாக ஓட்டினால்தான் உண்மை தெரியும். நேற்றைய தண்ணீர் வடியுமுன் இன்றைய மழை வந்துவிடும், மூன்றாம் நாள் அகழி வழியும். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இலவச மென்பொருள் வேறு எதையும் நான் பயன்படுத்தியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 40 சதவீத வெற்றிடம் உள்ள சல்லிக்கல்லுக்கு 0.4 போடக்கூடாது. அது கேட்பது வெற்றிடத்துக்கும் கல்லுக்குமான விகிதம், அதாவது 0.67.

இனி என் ஆத்திரம். ஸ்வத்தில் அகழியின் அடிக் கசிவு வேகத்தை நிரப்ப ஒரு பெட்டி இருக்கிறது. அதில் மணிக்கு 10 மில்லிமீட்டர் என்று போட்டால், காணி சமதரையானாலும் செங்குத்துச் சரிவானாலும் அதே கணக்குத்தான். கசிந்த தண்ணீர் அத்தோடு கணக்கை விட்டுப் போய்விடும். நிலத்தடி நீர்ப் பகுதியைச் சேர்த்தாலும், அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே நீர்மட்டம்தான் வரும். கீழ்வீட்டு மதிலுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறதா என்று அதனிடம் கேட்க முடியாது.

நமக்குப் பிரச்சினை தொடங்குவதே அங்கேதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முதல்கட்ட எச்சரிக்கை விடுகிறது, 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. அப்படிப்பட்ட நாளில் 'வழிதல் பூச்சியம்' என்று ஸ்வத்தின் அறிக்கை வந்தால், அத்தனை தண்ணீரும் சரிவுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த அறிக்கையைக் காட்டி அனுமதி கேட்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தேயிலைத் தோட்டங்களில் கான் (வடிகால்) வெட்டியவர்கள் தண்ணீரைச் சரிவுக்குக் குறுக்கே எடுத்துப் பெரிய கானில் இறக்கினார்கள். மண்ணும் சரிவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

நியாயமாகச் சொன்னால், சரிவின் உறுதியைப் பார்ப்பது ஸ்வத்தின் வேலை இல்லை. வடிகால் அளவுக்கும் தேக்கத் தொட்டிக்கும் இதைவிட்டால் எனக்கு வேறு கதியில்லை. இருந்தும் மலையகத்தில் ஊறல் அகழி வடிவமைக்க இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சரிவான காணி என்றால் கசிவுப் பெட்டியில் 0 போடுகிறேன். அடியில் நீர் புகாத விரிப்பும் வடிகுழாயும் வைத்து, தண்ணீரைப் பிடித்து மெதுவாகக் கானுக்கு விடும் தொட்டியாக மாற்றிவிடுகிறேன். ஊறவிடத்தான் வேண்டும் என்று காணிக்காரர் நின்றால், மண்சரிவு ஆய்வு அறிக்கை கைக்கு வரும்வரை கணினியைத் திறப்பதே இல்லை.